மறு: கேஸ் ஸ்டடிக்குத் தமிழில் 'நேர்வு' போதாதா?

ஐயாவுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> 'நேர்வு ஆய்வு' என்றே இருக்கட்டுமே. ஊறிப்போன சொல்லை ஏன் அசைக்க வேண்டும்?

'கேஸ் ஸ்டடி' என்பது ஒன்றை ஆழமாக ஆராயும் முறையையும் குறிக்கிறது, வகுப்பில் விவாதிக்கத் தரும் பிரதியையும் குறிக்கிறது. ஆராய்ச்சி முறையைக் குறிக்கும்போது 'நேர்வு ஆய்வு' என்ற சொல்லில் எனக்குக் குறையே இல்லை, ஐயா. கல்வியியல் நூல்களின் 'தனியாள் ஆய்வு', இலங்கையில் புழங்கும் 'விடய ஆய்வு' இரண்டும்கூட அங்கே பொருந்தும். ஆனால் வகுப்பில் மாணவர் கையில் கொடுக்கிறோமே, அந்தப் பிரதியில் ஆய்வு இருக்கவே கூடாது.

பயிலரங்கு ஒன்றுக்காக நான் எழுதிவருவதையே சொல்கிறேன். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மளிகைக்கடை. வாடகை ஒப்பந்தம் முடிய மூன்று மாதம். புதுப்பிக்கலாம் என்கிறார் அப்பா. கடையைச் சுருக்கிவிட்டு இணையத்தில் விற்கலாம் என்கிறாள் மகள். வரவு செலவுக் கணக்கு பின்னிணைப்பில் இருக்கிறது. யார் சொல்வது சரி என்று எழுதியவர் மூச்சு விடக்கூடாது. முடிவெடுக்க வேண்டிய அந்தக் காலையில் அப்பாவுக்கு என்ன தெரியுமோ அதுவே வாசிப்பவருக்கும் தெரியவேண்டும். ஆராய்வது வகுப்பின் வேலை.

முதல் வரைவில் நானே இதில் தவறினேன். 'வாடகை ஏறியும் பிடிவாதமாக' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லே தீர்ப்பாகிவிட்டது; பத்து நிமிடத்தில் எல்லாரும் மகள் பக்கம் சாய்ந்தார்கள், பேச ஒன்றுமில்லை. அடுத்த வரைவில் அதை எடுத்துவிட்டு, முப்பது ஆண்டு வாடிக்கையாளர்களின் கடன் நோட்டைச் சேர்த்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

'வழக்காய்வு' என்ற இன்னொரு பரிந்துரைக்கு வரலாற்று நியாயம் உண்டு. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870இல் பேராசிரியர் லாங்டெல் நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1908இல் அங்கே தோன்றிய வணிகப் பள்ளி அந்த முறையைத் தன் துறைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் தமிழில் 'வழக்கு' என்றால் ஒன்று நீதிமன்றம், இல்லையேல் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு. தலைப்பைப் பார்த்ததும் ஓர் ஆசிரியை, "யார் யார்மேல் போட்ட வழக்கு?" என்று உண்மையாகவே கேட்டார்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்க்கலாம். மலாயில் 'காஜியான் கேஸ்'. 'காஜியான்' என்றால் ஆய்வுதான், நம் சிக்கலே அங்கும். சீனத்தில் வகுப்பில் கொடுப்பது 'அன்லி'. ஆராய்ச்சி என்றால் மட்டும் அதன் பின்னால் 'யென்ஜியூ' ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிரிப்பு நமக்கும் வேண்டும்.

முதலில் 'நேர்வுரை' என்று வைத்துப் பார்த்தேன். 'உரை' என்றதும் பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் வந்து நிற்கிறார்கள். விளக்கம் சொல்வதுதான் உரையின் வேலை. எனவே கைவிட்டேன். வெறும் 'நேர்வு' போதும். "இந்த நேர்வைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

அடுத்தது, ஆசிரியருக்கு மட்டும் தரும் துணைக் குறிப்பு. 'பாடக்குறிப்பு' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'ஆசிரியர் கையேடு' முழுப் பாடநூலுக்கானது. இதுவோ முதல் கேள்வியை எப்படிக் கேட்பது, எதற்கு எத்தனை நிமிடம், வெண்பலகையில் அப்பாவின் வாதம் எந்தப் பக்கம், மகளின் வாதம் எந்தப் பக்கம், வகுப்பு எங்கே வழி தவறும், கடைசியில் கடைக்கு உண்மையில் என்ன ஆனது என்பதெல்லாம் அடங்கியது. நேர்விலிருந்து விலக்கிய ஆய்வு முழுவதும் இங்கேதான் வந்து சேர்கிறது.

இலக்கண நூலான நன்னூலின் முன்னுரைப் பகுதியான பொதுப்பாயிரம் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று என ஐந்தைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது மூன்றாவது, அதாவது பாடம் சொல்லும் முறை. ஆகவே 'நுவல் குறிப்பு'. பழஞ்சொல் என்பது உண்மை. ஆனால் தமிழாசிரியர்கள் படித்த சொல், வேறு எந்தப் பொருளும் அதன்மேல் குடியேறவில்லை.

'நடத்துமுறைக் குறிப்பு' எளிது என்று அக்கா ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அதையும் இங்கே வைக்கிறேன். பிரதிகள் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்