மறு: மொரட்டோரியத்துக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் நடந்த வட கொரிய, அமெரிக்கப் பேச்சுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் இதில் இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது. 1995 ஜூனில் வட கொரியாவுக்கு அணுஉலை கட்டித் தருவது பற்றிய கூட்டறிக்கை இங்கேதான் வெளியானது. 2000 ஜூலையில் ஏவுகணைப் பேச்சின் ஐந்தாம் சுற்று இங்கே மூன்று நாள் நடந்தது. அமெரிக்கத் தரப்புக்கு ராபர்ட் ஐன்ஹார்ன், வட கொரியத் தரப்புக்கு ஜாங் சாங் சொன். ஏவுகணை ஏற்றுமதியை நிறுத்த ஆண்டுக்கு 100 கோடி டாலர் கொடுங்கள் என்றது வட கொரியா. செய்யவே கூடாததைச் செய்யாமல் இருப்பதற்குப் பணம் தர முடியாது என்றது அமெரிக்கா. நவம்பரில் நிபுணர்கள் திரும்பவும் இங்கே கூடினார்கள்; முடிவு எட்டாமலே கலைந்தார்கள்.

இதை எழுதும்போது நான் மாட்டிக்கொண்ட சொல்தான் மொரட்டோரியம் (moratorium), அதாவது ஒன்றைக் கொஞ்ச காலத்துக்குச் செய்யாமல் விடுவது. போன வாரம் கேட்டதற்கு வந்த பதில்களில் ஒன்று:

> தடை என்று போட்டுவிட்டுப் போங்கள். படிப்பவருக்குப் புரியும்.

புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியும். 1998 ஆகஸ்ட் 31 அன்று வட கொரியாவின் டேப்போடோங் ஏவுகணை ஜப்பானின் தலைக்கு மேலே பறந்து போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் நடந்த பேச்சுக்குப் பிறகு, பேச்சு தொடரும்வரை நெடுந்தூர ஏவுகணையைப் பறக்கவிட்டுச் சோதிக்க மாட்டோம் என்று வட கொரியா தானே அறிவித்தது. தடை என்றால் தடுப்பவர் ஒருவர் வேண்டும். இங்கே தடுப்பவர் யார்?

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். 2006 ஜூலை 5 அன்று வட கொரியா ஏழு ஏவுகணைகளை ஏவியது. பத்து நாளில் ஐநா பாதுகாப்பு மன்றம் 1695ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. நீ முன்பு வாக்குக் கொடுத்த அந்த மொரட்டோரியத்துக்கே திரும்பிப் போ என்பது அதில் ஒரு கட்டளை. அந்த இடத்தில் 'தடை' போட்டால், வட கொரியா தன் மேல் தானே மீண்டும் தடை விதித்துக்கொள்ள வேண்டும் என்று வாக்கியம் நொண்டியடிக்கிறது. அதே தீர்மானம் மற்ற நாடுகளைப் பார்த்து, வட கொரியாவிடம் ஏவுகணைப் பொருள் வாங்காதே, விற்காதே என்கிறது பாருங்கள், அதுதான் தடை. இரண்டும் ஒரே தாளில் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் போதும்?

'முடக்கம்' சொன்ன கிள்ளான் அக்காவுக்கு: அக்கா, நல்ல சொல். ஆனால் அதை வேறு இடத்துக்கு வைத்திருக்கிறேன். வட கொரியாவும் அமெரிக்காவும் 1994இல் ஜெனீவாவில் செய்த உடன்பாட்டின்படி, வட கொரியாவின் யோங்பியோன் அணுஉலையை நிறுத்தி, முத்திரை வைத்து, பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆட்கள் பக்கத்திலேயே இருந்து கண்காணித்தார்கள். அதுதான் முடக்கம். ஏவுகணை விஷயத்தில் முத்திரையும் இல்லை, காவலும் இல்லை, வாய்ச்சொல் மட்டும்தான்.

மிச்சம் இருந்தது 'ஒத்திவைப்பு'. இதில்தான் எனக்கும் மயக்கம் இருந்தது. மொரட்டோரியம் நம் ஊரில் சந்தைக்கடை வரைக்கும் வந்த சொல் ஆயிற்றே. 2020 மார்ச்சில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த ஆறு மாதக் கடன் மொரட்டோரியத்தை யார் மறப்பார்கள்? அப்போது சிலர் கடன் ஒத்திவைப்பு என்று எழுதினார்கள், சரியாகத்தான் எழுதினார்கள். தவணை எங்கேயும் ஓடிவிடவில்லை. ஆறு மாதம் கழித்து என் கார் கடனுக்கு வங்கி அனுப்பிய கடிதத்தைப் பார்த்தபோது அது நன்றாகவே புரிந்தது. நீதிமன்றத்தில் வழக்கை ஒத்திவைத்தாலும் அப்படித்தான், வேறொரு நாளில் அது நடந்தே தீரும். ஏவுகணையில் அந்த நிச்சயம் கிடையாது. மறுபடி ஏவலாம், ஏவாமலே போகலாம். 'ஏவுகணைச் சோதனை ஒத்திவைப்பு' என்று எழுதினால் மழை வந்ததால் அடுத்த வாரத்துக்குத் தள்ளியது போல இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: நிறுத்திவைப்பு.

இதில் வேலை செய்வது 'வை' என்ற துணைவினை. நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்தால் வீட்டில் என்ன சொல்கிறோம்? பிடித்து வை. விருந்தாளி வருகிறார் என்றால் சமைத்து வை. செய்த காரியத்தை அப்படியே, பின்னால் வரப்போகும் ஒன்றுக்காக, கைக்குள் வைத்திருப்பது. 'நிறுத்தம்' என்றால் கதை முடிந்தது. 'நிறுத்திவைப்பு' என்றால் நிறுத்தியவன் கை இன்னும் விசையின் மேலேயே இருக்கிறது. நடந்ததும் அதுதான். 2001இல் ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவிடம் 2003 வரை என்றார் அப்போதைய வட கொரியத் தலைவர் கிம் ஜோங் இல். 2002இல் ஜப்பானியப் பிரதமர் கொய்சுமியிடம் அதற்கு அப்பாலும் என்றார். 2005 மார்ச்சில் இனி அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது வட கொரியா. நீட்டியதும் அவர்கள்தான், எடுத்ததும் அவர்கள்தான். மகன் கிம் ஜோங் உன் 2018 ஏப்ரலில் சொன்னதும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு இதே போன்ற ஒரு நிறுத்திவைப்பு. 2022 மார்ச்சில் அதுவும் போனது.

'தற்காலிக' என்ற ஒட்டும் தேவைப்படாது. கலைச்சொல்லில் ஒரு சொல் மிச்சம் பிடித்தாலும் லாபம்தானே.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

—

பினாங்கிலிருந்து:

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. இரண்டு விஷயம்.

ஒன்று சின்னது. தமிழ்நாட்டுச் செய்திகளில் ஆளுநர் மசோதாவை நிறுத்திவைத்தார் என்று வருகிறது. அது வேறொருவர் பொருளைத் தன் கையில் பிடித்துவைப்பது. உங்கள் சொல்லில் தன்னுடையதைத் தானே நிறுத்துகிறார். இந்தக் குழப்பம் வரும். வந்தாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டாம்.

மற்றது பெரியது. எதை நிறுத்தி வைத்தார்கள் என்பது உங்கள் சொல்லில் இல்லை. 2002 டிசம்பரில் வட கொரியாவிலிருந்து வந்த சோ சான் என்ற கப்பலை ஸ்பெயின் கடற்படை அரபிக்கடலில் மறித்தது நினைவிருக்கிறதா? சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் 15 ஸ்கட் ஏவுகணைகள். ஏமன் நாடு காசு கொடுத்து வாங்கிய சரக்கு. பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இல்லை என்று கடைசியில் கப்பலை விட்டுவிட்டார்கள். அப்போது உங்கள் மொரட்டோரியம் நடப்பில்தானே இருந்தது? வெறுமனே 'ஏவுகணை நிறுத்திவைப்பு' என்று எழுதினால், படிக்கிற பிள்ளை உற்பத்தியும் நின்றது, வியாபாரமும் நின்றது என்று நினைத்துக்கொள்ளும். நின்றது பறக்கவிடுவது மட்டும். கோலாலம்பூரில் உட்கார்ந்து அமெரிக்கர்கள் பேரம் பேசியதே, அந்த வாக்குறுதிக்குள் வராத மற்றதெல்லாம் வேண்டும் என்றுதானே?

—

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். இதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அப்படியானால் சொல்லைத் தனியாக விடக் கூடாது. எது நின்றதோ அதை முன்னால் ஒட்டியே எழுதுவோம். முதலில் 'ஏவல் நிறுத்திவைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு ஏவல் வைத்தார்கள், எந்தச் சாமியாரிடம் போய் எடுத்தார்கள் என்று கேட்டாள். பில்லி சூனியம் வேண்டாம். 'பறப்புச்சோதனை நிறுத்திவைப்பு' என்று வைத்துக்கொள்கிறேன். 1999இல் வாக்குக் கொடுத்ததும் சரியாக அதற்குத்தான். 2000இல் இங்கே கேட்டும் கிடைக்காதது 'ஏற்றுமதி நிறுத்தம்'. அமெரிக்கா அதைக் கேட்டது நிரந்தரமாக என்பதால் 'வை' போட மாட்டேன்.

கடன் விஷயத்தில் ஒத்திவைப்பு அப்படியே இருக்கட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வந்தால் நமக்கு என்ன நட்டம்?

ஒரே ஒரு சந்தேகம்: 'நிறுத்திவைப்பு' சேர்த்தா, 'நிறுத்தி வைப்பு' பிரித்தா? நான் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். அதற்குள் யாராவது சொன்னால் மாற்றிவிடலாம்.