சிமென்ட் போடலைன்னா எப்படி ஒட்டும்?

ஊன்றுகோல்:
போன வருஷம் வலது இடுப்பு மூட்டை மாத்தினாங்க. வயசு 43. தொடை எலும்போட தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு, பந்து மாதிரி இருக்கவேண்டியது நசுங்கிப் போயிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு சாம்பிள் ஸ்டெம்மைக் கையில கொடுத்தார், அதான் தொடை எலும்புக்குள்ள செருகற உலோகத் தண்டு. கழுத்துப் பக்கம் பளபளன்னு மின்னுது. கீழ்ப்பாதி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுப்பு, தடவினா சொரசொரன்னு இருக்கு. "உங்க வயசுக்கு, எலும்போட ஒட்டவைக்கிற சிமென்ட் வேண்டாம் சார். இந்தப் பூச்சுல உங்க எலும்பே வளர்ந்து பிடிச்சுக்கும்"னார். அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேட்டேன். "ஆப்பு அடிச்ச மாதிரி இறுக்கிச் செருகிடுவோம்." வீட்டுக்காரிகிட்ட இந்த ஆப்பு விஷயத்தைச் சொல்லவே இல்லை.

அஞ்சு மாசம் ஆகியும் எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடை நடுவுல ஒரு வலி. எலும்பு வளர்ந்து பிடிக்கலையோன்னு ராத்திரியெல்லாம் யோசனை. இந்தப் பூச்சோட பழகினவங்க யாராவது இருக்கீங்களா?

ஆய்வகப் பூனை:
அண்ணா, நான் அந்த வெள்ளைப் பூச்சுலதான் ஆராய்ச்சி பண்றேன். பேரு ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. நம்ம எலும்புல இருக்கிற கனிமமும் கிட்டத்தட்ட இதே வகைதான். டைட்டானியத்தை உடம்பு வெறுக்காது, ஆனா வெறும் உலோகத்துல எலும்பு மெதுவாத்தான் வரும். பூச்சு இருந்தா எலும்புச் செல்லுக்குப் பழகின தரை கிடைச்ச மாதிரி.

என் அனுபவம் கொஞ்சம் அசிங்கமானது. செல்லுல போடறதுக்கு முன்னாடி, ரத்தத் திரவத்துல இருக்கிற அயனிகள் கிட்டத்தட்ட அதே அளவுல இருக்கிற ஒரு கரைசலை நாமே தயாரிச்சு, பூச்சு அடிச்ச தகட்டை அதுல ஊறப்போட்டு, எலும்பு மாதிரிக் கனிமம் மேல படியுதான்னு பார்ப்போம். ஜப்பான்ல கொகுபோங்கிறவர் கொண்டுவந்த முறை. 36.5 டிகிரி, பி.எச். 7.4. உப்புகளை ஒண்ணு ஒண்ணா, சொன்ன வரிசையிலதான் கரைக்கணும். முதல் தடவை அவசரத்துல கால்சியத்தை முந்திப் போட்டுட்டேன். கண்ணு முன்னாடியே கலங்கி அரிசி கழுவின தண்ணி ஆயிடுச்சு. ஒரு லிட்டரும் சிங்க்ல. இன்னொரு தடவை பழைய கண்ணாடி பாட்டில்ல வச்சேன். தகட்டை விட்டுட்டு பாட்டில் சுவர்ல படிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் பிளாஸ்டிக் பாட்டில்தான்.

செல் வளர்த்து, பூச்சுத் தகட்டுல அது நல்லா ஒட்டிப் பரவியிருந்தது தெரிஞ்ச அன்னைக்கு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை. ஆனா தட்டுல நடந்ததெல்லாம் தொடைக்குள்ள நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

தீப்பொறி:
தம்பி சொல்றது லேப். நான் இந்தப் பூச்சை அடிக்கிற ஸ்ப்ரே பூத் ஆள், பதினொரு வருஷம். ஆர்கான் வாயுவுல மின்வில் (வெல்டிங்ல வர்ற மாதிரி ஆர்க்) மூட்டினா, ஸ்ப்ரே கன்னுக்குள்ள பத்தாயிரம் டிகிரிக்கு மேல போகும். அதுல பூச்சுப் பவுடரைத் தள்ளினா, உருகிப் பறந்துபோய் உலோகத்துல அப்பளம் மாதிரி தட்டையா ஒட்டும். ஜாஸ்தி சூடானா பூச்சு கண்ணாடித்தன்மை ஆகி உடம்புல சீக்கிரம் கரைஞ்சுடும், சூடு போதலைன்னா உதிரும். தடிமனா அடிச்சா நல்லதுன்னு புதுசா வர்ற பசங்க நினைப்பாங்க. ஆறும்போது பூச்சு டைட்டானியத்தைவிட அதிகமாச் சுருங்கும். தடிமன் கூடக் கூட உரியத்தான் பார்க்கும்.

ஒவ்வொரு பேட்சுக்கும் 25 மில்லிமீட்டர் வட்டத் துண்டு சில போட்டு, பூச்சு மேல பசை ஒட்டி மெஷின்ல இழுப்போம். 15 மெகாபாஸ்கலாவது தாங்கணும். அந்தத் துண்டுக்குக் கணக்குப் போட்டா சுமார் 750 கிலோ இழுவை. ஒரு நாள் மூணு துண்டு, பாதி கூடத் தாங்கலை. எண்ணெய் போட்ட கல்லுல இருந்து தோசை கழண்ட மாதிரி முழுசா வந்துடுச்சு. கன்னைக் கழட்டினோம், பவுடரை மாத்தினோம், ரெண்டு நாள் போச்சு. கடைசியில பார்த்தா, பூச்சுக்கு முன்னாடி மணல் வீசிச் சொரசொரப்பாக்கின துண்டைப் புதுப் பையன் கிளவுஸ் இல்லாம எடுத்து அடுக்கியிருக்கான். விரல் எண்ணெய்! அந்த பேட்ச் மொத்தமும் திரும்ப மணல் வீச்சுக்குப் போச்சு. அவனைத் திட்டினேன், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பச்சை கவுன்:
நான் எலும்பு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பிடிக்குமான்னு அண்ணன் கவலைப்படறார். நான் பார்த்தது நேர் எதிர். ஒருத்தருக்கு வச்சு நாலு வருஷம் கழிச்சு சீழ் பிடிச்சு, ஸ்டெம்மை எடுத்தே ஆகணும். இழுத்தா அசையலை. சுத்தியல் போட்டும் அசையலை. கடைசியில தொடை எலும்பை நீளவாக்குல ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்து, மெல்லிசு உளியால சுத்திச் சுத்தி விடுவிச்சாங்க. டிரேயில விழுந்த ஸ்டெம்ல எலும்புச் சில்லு அங்கங்க ஒட்டிக்கிட்டே இருந்தது. பிரஷ் போட்டும் போகலை. திறந்த எலும்பைக் கம்பி சுத்திக் கட்டி முடிக்க மதியம் ஆயிடுச்சு.

அண்ணா, தொடை வலி சிமென்ட் இல்லாத ஸ்டெம் வச்ச சிலருக்கு வர்றதுதான். ஆனா கூடிக்கிட்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்க. பூச்சு எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஸ்டெம் உள்ள ஆடக்கூடாது. 150 மைக்ரானுக்கு மேல ஆடினா, எலும்பு வரவேண்டிய இடத்துல நார்த்திசு வந்துடும்னு எங்க சீஃப் சொல்வார். ரெண்டு தலைமுடி தடிமன்தான் அது.

ஊன்றுகோல்:
நேத்து எக்ஸ்ரே எடுத்தேன். வலி பாதி குறைஞ்சிருக்கு. டாக்டர் பேனா முனையால காட்டினார்: ஸ்டெம் தளர்ந்தா சுத்தித் தெரியற கறுப்புக் கோடு எதுவும் இல்லை, ரெண்டு இடத்துல எலும்பு உள்பக்கமா வெள்ளையா நீண்டு உலோகத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு அவங்க பாஷையில பேரு 'ஸ்பாட் வெல்ட்'டாம், உலோகத்தைப் புள்ளி புள்ளியா வெல்டிங் பண்ற மாதிரி. தீப்பொறி அண்ணன் சிரிப்பார்.