கேப் ஹேட்டரஸ் குளிர்காலச் சூரை வேட்டை: போய் வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கேரி, வட கரோலினா

ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வட கரோலினாக் கடலோரம் இருக்கும் ஹேட்டரஸ் கிராமத்தில் ஒரு சார்ட்டர் படகு (கேப்டனோடு வாடகைக்கு வரும் மீன்பிடிப் படகு) எடுத்தோம். இங்கே ரொம்பப் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் எதற்கு அங்கே என்று கேட்பவர்களுக்கு: தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் ஹேட்டரஸ் முனையில் கரையை ஒட்டி வருகிறது. வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீர் அதோடு அங்கேதான் முட்டுகிறது. இரண்டும் சேரும் விளிம்பில் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரள, அவற்றைத் தேடி புளூஃபின் சூரை வந்துவிடும். நம்மூர்ச் சூரையை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். வட கரோலினாவின் மாநிலச் சாதனை மீன் 2018-ல் பிடிபட்டது, 877 பவுண்டு.

வெள்ளி இரவு ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். சனி விடிகாலை நாலு மணிக்குக் கேப்டனிடமிருந்து போன்: "இன்னைக்கு வேண்டாம்." ஞாயிறும் அதே பதில். காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது, குளிர்முகப்பு கடந்த பிறகு காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. இரண்டும் எதிரெதிரே மோதினால் அலை நீளமாகப் புரளாமல், குறுகி, செங்குத்தாக எழும்பும். கரையில் நின்று பார்த்தால் கடல் சாதுவாகத்தான் தெரியும். எங்களில் ஒருவர், திங்கள் ஆபீஸ் போயே ஆகவேண்டும், எப்படியாவது கிளம்பலாம் என்று கேட்டுப் பார்த்தார். கேப்டன் அசையவில்லை. அன்று கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. ஞாயிறு மதியம் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போனோம். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் 1999-ல் அந்தக் கோபுரத்தை அப்படியே நகர்த்திக் கிட்டத்தட்ட 2,900 அடி தள்ளி வைத்திருக்கிறார்கள்.

திங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். படகுத்துறைப் பலகையெல்லாம் உறைபனி. மேட் (கேப்டனின் உதவியாளர்) வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றி அதைக் கரைத்துக்கொண்டிருந்தார். மூன்று அடுக்கு உடுப்பு போட்டும் விரல் மரத்துப்போனது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடியதும் முன்னால் கடலிலிருந்து ஆவி கிளம்புவது தெரிந்தது, அடுப்பில் உலைத்தண்ணீர் கொதிப்பது மாதிரி. அதைத் தாண்டும்போது பச்சையாக இருந்த தண்ணீர் ஒரே கோட்டில் கருநீலமாக மாறியது. திரையில் நீரின் வெப்பநிலை 52 ஃபாரன்ஹீட்டிலிருந்து 72-க்கு ஏறிற்று. கேனட் பறவைகள் வெள்ளை ஈட்டி போல மேலிருந்து கடலில் பாய்ந்துகொண்டிருந்தன. கேப்டன் எஞ்சினைத் தணித்தார்.

இரை, பாலிஹூ. நம்மூர் முரல் மீனின் உறவுதான். மேட் ஒவ்வொன்றையும் முதுகெலும்பு நெகிழும்படி வளைத்துப் பழக்கி, மூக்கில் கம்பி சுற்றி, மேலே நைலான் பாவாடை மாட்டினார். ஒரு மீனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு தூண்டில்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்க ராடு வளைந்தது, ரீல் அலறியது. தூண்டில் நரம்பு போன வேகத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான். ஐம்பது நிமிடம். பத்து முழம் சுற்றினால் இருபது முழம் கொண்டுபோகும். கடைசியில் படகுக்கு அடியில் வட்டமடிக்கத் தொடங்கியது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் மேலே வந்தது. முதலில் தெரிந்தது வாலருகே இருக்கும் அந்த மஞ்சள் குறுந்துடுப்புகள்தான். 64 அங்குலம் இருந்தது.

மேட் உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்தார், பிறகு வயிற்றைக் கீறினார். ஆவி வந்தது. "கையை உள்ளே விட்டுப் பாரு" என்றார். விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு! இந்த மீனின் உடலில் ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு, தசையிலிருந்து வரும் சூட்டைச் செவுள் வழியாக வெளியே விடாமல் திருப்பி உள்ளேயே அனுப்புகின்றன. அதனால்தான் குளிர்ந்த நீரிலும் அதற்கு அந்த வேகம். போராடிய மீனை உடனே ஐஸில் போடாவிட்டால் அந்தச் சூட்டிலேயே சதை வெந்தது போல் வெளுத்துக் கெட்டுவிடும் என்றார். மரத்துப்போயிருந்த என் விரல்களுக்கு அந்த மீன்தான் உயிர் கொடுத்தது. இன்னமும் அதை மறக்க முடியவில்லை.

கரையில் பதிவு அட்டை எழுதிக்கொடுத்து, வாலில் அடையாள வளையம் கட்டின பிறகுதான் இறக்க விட்டார்கள். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்ததை விற்க முடியாது. ஆறு வீட்டுக்கும் பங்கு போட்டோம். என் மனைவி சூரைப் புட்டு செய்தாள். தேங்காய் கொஞ்சமாகப் போட்டால் போதும், மீனிலேயே அவ்வளவு கொழுப்பு.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். குமட்டல் மருந்தை முந்தைய இரவே எடுத்துவிடுங்கள், படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. அளவும் எண்ணிக்கையும் பருவத்துக்குப் பருவம் மாறும், நடுவிலேயே மூடிவிடுவதும் உண்டு. பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிச்மண்ட், வர்ஜீனியா

அண்ணா, உங்கள் கேப்டனுக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு வாய்த்தது வேறு மாதிரி. ஆரிகன் இன்லெட் முகத்துவாரம் பக்கம், படகின் பெயர் வேண்டாம். முந்தின நாளே கடல் எச்சரிக்கை இருந்தது. தேதி மாற்றக் கேட்டோம், முன்பணம் போய்விடும் என்றார்கள். நாங்களும் சரியென்று ஏறிவிட்டோம். அந்த முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், திட்டின் மேல் அலை உடைந்து விழும். வெளியேறும்போதே இரண்டு அலை படகின் மூக்கைத் தூக்கி அடித்தது. என் மச்சான் கேபின் கதவோரத்தில் மோதி விலா எலும்பு விரிசல். ஒன்பது மணிக்குத் திரும்பிவிட்டோம், ஒரு தூண்டில்கூட நனையவில்லை. மச்சானுக்கு ஆறு வாரம் இருமினாலே வலி. பணத்தைப் பார்த்து ஏறியதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

சார்லட், வட கரோலினா

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். அப்பா வள்ளத்தில் போனவர். இங்கே மார்ச்சில் நண்பர்களோடு போனபோது, பறவை விழுகிற இடத்துக்குக் கேப்டன் படகைத் திருப்பியதும் எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரும் அப்படித்தான் திருப்புவார்.

எங்களுக்குக் கிடைத்தது பெரிய மீன், 80 அங்குலத்துக்கு மேல். அன்றைக்கு அந்த அளவை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் என்பதால் வாய் ஓரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. மேலே ஏற்றவே இல்லை. தலையை முன்பக்கம் வைத்துப் படகோடு சேர்த்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார்கள், செவுள் வழியே தண்ணீர் ஓடட்டும் என்று. ஐந்து நிமிடம் இருக்கும். நான் குனிந்து பார்த்தேன். கண் என் உள்ளங்கை அளவு. முதுகு நீலம் மெல்ல மெல்லத் திரும்பி அடர்ந்தது. வாலை ஒரு தடவை அடித்தது, என் முகமெல்லாம் தண்ணீர், ஆள் இல்லை.

மேட் சொன்னார்: 1996-லிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் இதே கடலில் இந்த மீன்களுக்குக் கருவி பொருத்தி விடுகிறார்கள். இங்கே விட்ட மீன்களில் சில அட்லாண்டிக்கையே கடந்து மத்தியதரைக் கடல்வரை போயிருக்கின்றன.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "எத்தனை பாகம்?" என்று ஆழத்தைக் கேட்டார். நாற்பது என்றேன். "இரை?" முரல் மாதிரி என்றேன். "நீவாடு எப்படி?" நீரோட்டத்தைக் கேட்கிறார். வடக்கே போகுது, நல்ல இழுப்பு என்றேன். பிறகுதான் மீனை விட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அவ்வளவு பெருசுன்னா முட்டை போடுற மீனாத்தான் இருக்கும்," என்றார். "சரி. கை வலிக்குதா?"