கார்ப்பஸ் லூட்டியம்: ‘மஞ்சளகம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கருமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் தற்காலிகமாக உருவாகும் சுரப்பிதான் கார்ப்பஸ் லூட்டியம்; இலத்தீனில் ‘மஞ்சள் உடல்’ என்று பொருள். அதற்கு ‘மஞ்சட் சடலம்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சடலம் என்றால் உடல் என்ற பொருளும் உண்டு, சரி. ஆனால் இன்று அதைக் கேட்டதும் பிணம்தான் நினைவுக்கு வரும். இதுவோ மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியையே நடத்திச் செல்லும் சுரப்பி. கர்ப்பம் பற்றித் தெரிந்துகொள்ள வரும் ஒரு பெண்ணின் கண்ணில் அந்தச் சொல் படவே கூடாது என்று நினைக்கிறேன்.

கருமுட்டை வெளியேறியதும் சூலகத்தில் மிஞ்சும் நுண்ணறையின் (முட்டையைச் சூழ்ந்திருந்த பையின்) செல்கள், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் எல்எச் ஹார்மோனின் தூண்டலில் உருமாறிப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கின்றன. கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கத் தயாராவது அதனால்தான். கூடவே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து மூளையிலுள்ள ஹைப்போதலாமஸையும் அதன் கீழுள்ள பிட்யூட்டரியையும் அடக்கி வைப்பதால், அந்த நாட்களில் இன்னொரு முட்டை முதிர்வதில்லை. கரு தரிக்காவிட்டால் சுமார் 14 நாளில் இச்சுரப்பி ஓய்ந்துவிடும், மாதவிடாய் வரும். பிறகு மெல்லச் சுருங்கி வெண்தழும்பாகும். தரித்தால், வளரும் கருவின் பக்கமிருந்து வரும் எச்சிஜி என்ற ஹார்மோன் அதை அழியவிடாமல் காக்கும். நஞ்சுக்கொடி பொறுப்பேற்க ஏறத்தாழ 8 முதல் 10 வாரம் ஆகும். அதுவரை கர்ப்பம் இதை நம்பித்தான் இருக்கிறது.

இதற்குக் ‘கருக்காப்புச் சுரப்பி’ என்று பெயரிடலாம் என்ற பரிந்துரை எனக்கும் பிடித்தது. 1903-இல் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் லுட்விக் ஃபிராங்கெல் முயல்களில் இதை அழித்துப் பார்த்தபோது கர்ப்பம் நிலைக்கவில்லை என்பதும் அந்தப் பெயருக்கு வலு சேர்க்கிறது. ஆனால் கரு தரிக்காத மாதங்களிலும் இது உருவாகிறதே! அப்போது பெயர் பொருந்தாது. நிறம் அப்படியல்ல. மனிதரில் முதலில் இரத்தம் கலந்து செந்நிறமாகத் தெரிந்தாலும், முதிர்ந்ததும் மஞ்சள்தான்.

அதனால் ‘மஞ்சளகம்’ என்று முன்மொழிகிறேன். சூலகம், விந்தகம் என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது. உறுப்பின் பெயர் என்று கேட்டதும் புரியும். மஞ்சளகக் கட்டம், மஞ்சளகச் சிதைவு, மஞ்சளகக் குறைபாடு என்று தேவைக்கேற்ப நீட்டவும் முடிகிறது. ‘மஞ்சள் உடலம்’ பிழையில்லைதான். ஆனால் இரண்டு சொல்லாக இருப்பதால் கூட்டுச்சொற்கள் கட்டும்போது இழுக்கிறது.

அப்புறம், எல்எச்சின் ஆங்கிலப் பெயரான luteinizing hormone-ஐ ஒட்டி அதற்கு ‘மஞ்சளகமாக்கி’ என்று பெயரிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆண்களிலும் அது சுரக்கிறது. விந்தகத்தின் லேடிக் செல்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. அங்கே மஞ்சளகம் ஏது? பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்எஸ்எச்சையும் (follicle-stimulating hormone) நுண்ணறையோடு சேர்த்துப் பெயரிட்டால் இதே சிக்கல்தான். ‘இனச்சுரப்பித் தூண்டிகள்’ என்ற பொதுப்பெயரின் கீழ் இரண்டையும் இப்போதைக்கு எழுத்துச் சுருக்கமாகவே எழுதலாம். இருபாலருக்கும் பொருந்தும் சொல் யாருக்காவது தோன்றினால் அவசியம் எழுதுங்கள்.