நா பாலி கடற்கரையில் சின்னப் படகில் ஒரு நாள் – போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஹவாயின் கவாய்த் தீவுக்கு நம் ஆட்கள் பலர் 'இறைவன் கோயில்' என்ற சிவன் கோயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பெங்களூரு பக்கம் செதுக்கிய கருங்கல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கட்டி, 2023-இல் குடமுழுக்கு செய்த கோயில். அதை நடத்துவது யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழியில் வந்த மடம். கோயில், ஓர் அருவி, மாலையில் ஒரு கடற்கரை என்று முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதே தீவின் வடமேற்கு ஓரத்தில்தான் நா பாலி இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள், முடிந்தால் பெரிய படகை விட்டுச் சின்னப் படகில் போங்கள், அதிலும் அவசரப்படாத கேப்டனாகப் பார்த்துப் போங்கள்.

தீவைச் சுற்றி வர சாலை கிடையாது. வடக்கே கேஏ கடற்கரையோடு ஒரு சாலை முடிகிறது, மேற்கே போலிஹாலேயோடு இன்னொன்று. இடையில் கிட்டத்தட்ட 26 கிலோமீட்டருக்கு மலை நேராகக் கடலில் இறங்குகிறது, சில இடங்களில் 1,200 மீட்டர் உயரம். நடந்து போக வேண்டுமென்றால் கலாலாவ் கடற்கரை வரை 18 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஹெலிகாப்டரில் மேலிருந்து பார்க்கலாம்தான், ஆனால் அந்தச் சுவரின் உயரம் அதன் காலடியில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் ஏறியது அடியில் கெட்டியான உடலும் சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாயும் கொண்ட படகு. குழாயின்மேல் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கூரை, கழிப்பறை எதுவும் இல்லை. கேப்டன் உள்ளூர்ப் பெண்மணி, உதவிக்கு ஒரு பையன். வெயில் ஏற ஏற வடகிழக்கிலிருந்து தடக்காற்று வலுக்கும் என்பதால் விடியும்போதே மேற்குக் கரைத் துறையிலிருந்து கிளம்பிவிட்டோம். இடப்பக்கம் தூரத்தில் நீஹாவ் தீவு. 1864-இல் எலிசபெத் சின்க்ளேர் என்பவர் ஹவாய் அரசரிடமிருந்து 10,000 டாலருக்கு அந்தத் தீவையே விலைக்கு வாங்கியிருக்கிறார், இன்றும் அவருடைய வழிவந்தவர்கள் கையில்தான் இருக்கிறது.

போலிஹாலே மணல் முடிந்து முதல் பாறை வந்ததும் கேப்டன் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முதுகுத் துடுப்புகள் தெரிந்தன, முதலில் நாலைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. ஸ்பின்னர் டால்பின்கள். இவை ராத்திரியில் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, பகலில் கரையோரம் வந்து நீந்திக்கொண்டே அரைத்தூக்கமாக ஓய்வெடுக்கும். ஆட்கள் குதித்து நீந்துவதும் படகுகள் துரத்துவதும் அந்த ஓய்வைக் கெடுக்கின்றன என்பதால்தான் 2021-இல் சட்டம் கொண்டுவந்தார்கள்: 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நாமாகப் போகக்கூடாது. அதுவாக வந்தால் நாம் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்தன. படகின் மூக்குக்கு முன்னால் இரண்டு, என் காலடியில் ஒன்று. தண்ணீரிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் முதுகில் கருஞ்சாம்பல், விலாவில் வெளிர்சாம்பல், வயிற்றில் வெள்ளை என்று மூன்று நிறமும் பிரித்துத் தெரிந்தது. அது மேலே வந்து மூச்சு விட்டபோது 'புஸ்' என்ற சத்தத்தோடு தெறித்த ஈரம் என் முழங்கையில் பட்டது, மீன் வாடையோடு. தள்ளி ஒரு குட்டி எழும்பிச் சுழன்று விழுந்தது, உடனே மறுபடியும். யாரும் பேசவில்லை, கேமராவை எடுக்கக்கூட பாதிப் பேருக்குத் தோன்றவில்லை. அப்போது இன்னொரு படகு முழு வேகத்தில் கூட்டத்தின் குறுக்கே வந்து நின்றது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது, அத்தனையும் ஒன்றாக மூழ்கி எங்கேயோ போய்விட்டன. அந்தப் படகில் இருந்தவர்களும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் கேப்டன் முகத்தில் அப்படியொரு வருத்தம், எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. காசு கொடுத்தவர்களுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஓட்டுகிறவர்களிடம் போகாதீர்கள், முன்பதிவு செய்யும்போதே டால்பின் பக்கத்தில் எப்படி ஓட்டுவார்கள் என்று கேளுங்கள்.

குகைகளிலும் இதே பொறுமைதான். முதல் குகை வாயிலில் படகை நிறுத்தி அலையை எண்ணினார். பெரிய அலைகள் ஒரு கொத்தாக வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளி போதவில்லை என்று திருப்பிவிட்டார். ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் அலை ஏறும்போது அந்த வாயிலின் மேல்பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தது என்று நான் பார்த்தேன், அவர் செய்ததுதான் சரி. அடுத்ததில் உள்ளே போனோம். கூரை இடிந்து விழுந்து மேலே வட்டமாக வானம், கீழே பச்சைத் தண்ணீர். கைக்கெட்டும் தூரத்தில் பாறையைப் பார்த்தால் சிவந்த அடுக்குகளை நெட்டுக்குத்தாகப் பிளந்துகொண்டு கறுத்த கோடுகள் போகின்றன. விரிசல் வழியே ஏறி உள்ளேயே இறுகிப்போன எரிமலைக் குழம்பு அது. சுற்றியிருக்கும் அடுக்குகளைவிட உறுதி என்பதால் அவை அரித்துப் போக, இது மட்டும் விலா எலும்பாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கலாலாவ் பள்ளத்தாக்குக்கு நேரே வந்ததும் கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு கோவோலாவ் கதையைச் சொன்னார். தொழுநோய் வந்தவர்களை மொலோக்காய்த் தீவில் கொண்டுபோய் விட்டுவிடும் சட்டம் 1865-இலிருந்து இருந்தது. தொழுநோய் வந்த கோவோலாவ், மனைவியை உடன் வர விடமாட்டோம் என்றதால் போக மறுத்து, மனைவி பீலானியோடும் மகனோடும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒளிந்துகொண்டார். 1893-இல் பிடிக்க வந்த அதிகாரியைச் சுட்டார், பின்னால் வந்த படையும் ஆட்களை இழந்து திரும்பிப் போனது. கடைசிவரை பிடிபடவில்லை. மகன் முதலில் இறந்துபோனான், அப்புறம் அவர். இருவரையும் புதைத்துவிட்டு பீலானி தனியாக மலையேறி ஊர் திரும்பினார். அந்தச் செங்குத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கும்போது தொண்டை அடைத்துவிட்டது. அங்கே மேலே சேப்பங்கிழங்கு பயிரிட்ட கல் அடுக்குப் பாத்திகள் இன்னும் இருக்கின்றனவாம்.

சாப்பாடு நுவாலோலோ காய் என்ற கடற்கரையில். முன்னால் பவளப்பாறை அலையைத் தடுப்பதால் உள்ளே குளமாட்டம் தண்ணீர், ஆமைகள், நிறைய மீன். பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர் அது. வீட்டு மேடைகளின் கற்கள் அப்படியே இருக்கின்றன, மேலே ஏறக்கூடாது. மணலில் ஹவாய் மங்க் சீல் என்ற கடல்நாய் ஒன்று படுத்திருந்தது. உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம், அதனால் வெகுதூரம் சுற்றிக்கொண்டுதான் போனோம். திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம், ஆனாலும் தொப்பலாக நனைந்துதான் கரை சேர்ந்தோம்.

நீங்கள் போயிருந்தால் எழுதுங்கள்.

பதில்:
அக்கா, நாங்கள் போனது ஜனவரியில். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை வரும், குகைப் பக்கமே போகவில்லை, பாதி வழியிலேயே திருப்பிவிட்டார்கள். ஆனால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அலாஸ்கா பக்கத்திலிருந்து குட்டி போட வரும் காலம். அதற்கு 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீருக்குள் மைக் ஒன்றை இறக்கி ஸ்பீக்கரில் போட்டார்கள், பாட்டு கேட்டது, பாடுவது ஆண்கள்தானாம். ஒரு நீண்ட முனகல், கிறீச்சிடல், மறுபடி அதே முனகல். என் பெண் அம்மா மடியிலிருந்து அசையவே இல்லை. குகைக்காகப் போகிறவர்கள் கோடையில் போங்கள், திமிங்கிலத்துக்கு என்றால் குளிர்காலம்தான் நேரம்.

பதில்:
அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. இந்த ரப்பர் படகில் கூட்டிப்போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்:
வேண்டாம் தம்பி. அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகு, முழங்கால் பிரச்சினை உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அவர்களே ஏற்ற மாட்டார்கள். அம்மாவுக்காக கட்டமரான் (இரட்டை உடல் கொண்ட பெரிய படகு) பாருங்கள். தெற்கே போர்ட் ஆலனிலிருந்து கிளம்புகிறது, கொஞ்சம் தூரம் கூடுதல், ஆனால் நிழலும் கழிப்பறையும் உண்டு. பின்பக்கமாக உட்காரச் சொல்லுங்கள், ஆட்டம் குறையும். வாந்தி மாத்திரை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பலனில்லை. வேறு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் முன்கூட்டியே சொன்னால் சாண்ட்விச் தருகிறார்கள், இருந்தாலும் கையில் கொஞ்சம் எலுமிச்சை சாதம் வைத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் ஜிங்க் கலந்ததாக வாங்குங்கள், பவளத்தைப் பாதிக்கும் ஆக்சிபென்சோன் வகையை 2021-இலிருந்து அங்கே கடையில் விற்பதே இல்லை.