இளவரசன் கதையை நீங்கள் எங்கே வைத்து வாசித்தீர்கள்?

லயத்துப் பையன், தலவாக்கலை

நானே தொடங்கிவைக்கிறேன். கொழும்பில் துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிவரை வியாபாரம். விடிந்ததும் ரயில் ஏறினால் உட்கார இடமில்லை. கதவோரம் பையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, போனில் 'ரெட், வைட் அண்ட் ராயல் ப்ளூ' வாசித்துக்கொண்டு வந்தேன். கேசி மெக்குவிஸ்டன் எழுதி 2019இல் வந்த நாவல். அமெரிக்கப் பெண் ஜனாதிபதியின் மகன் அலெக்ஸ், இங்கிலாந்து இளவரசன் ஹென்றி. ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. லண்டனில் ஓர் அரச கல்யாணத்தில் இழுபறிப்பட்டு, கேக்கோடு சேர்ந்து கீழே விழுகிறார்கள். அந்த மானக்கேட்டை மூட, நெருங்கிய நண்பர்கள் என்று உலகத்துக்கு நடிக்கவேண்டி வருகிறது. நடிப்பு நடிப்போடு நிற்கவில்லை.

அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். வழக்கம்போல எல்லோரும் ஊவென்று கத்தினார்கள். பெட்டிக்குள் கும்மிருட்டு. என் போன் மட்டும் எரிகிறது, வெளிச்சம் முழுக்க என் மூஞ்சியில். ஹென்றி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் முதன்முதலாக முத்தம் கொடுக்கும் இடம் அப்போது பார்த்தா வரவேண்டும்! பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பரீட்சைக்கா?"

இங்கிலீஷில் எதை வாசித்தாலும் நம் ஆட்களுக்கு அது பரீட்சைதான். ஆமாண்ணே என்றேன்.

மீதியை வீட்டில் போர்வைக்குள் வாசித்தேன். எங்களுடையது லயம், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு. 10க்கு 12 அடி காம்பரா, அதாவது ஒரே அறை, கூட ஓர் இஸ்தோப்பு, முன்திண்ணை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அடுத்த காம்பராவில் தாத்தா இருமினால் இங்கே அம்மா எழுந்து சுடுதண்ணி வைப்பார். யாருக்குக் கல்யாணப் பேச்சு, யார் வீட்டில் நகை அடகு போனது, எல்லாம் சுவர்மேலாக வரும். அரண்மனைக் கதை எனக்கு ஏன் பிடித்தது என்று யோசித்தால் காரணம் இதுதான்: அவர்களுக்கும் தனியாக இருக்க இடமில்லை. வாசலில் காவலர், உள்ளே செயலாளர், வெளியே படம் எடுக்கிறவர்கள். கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடவேண்டும். எத்தனை அறை இருந்து என்ன, அதுவும் லயம்தான்.

அதனால்தான் இரண்டு பேரும் மின்னஞ்சலில் வாழ்கிறார்கள். கேலியாகத் தொடங்கும், போகப்போக நெஞ்சைப் பிடிக்கும். ஒரு கட்டத்தில் இருந்து அஞ்சல்களின் அடியில் யாரோ பழைய காலத்தவரின் காதல் கடிதத்திலிருந்து ஒரு வரி வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரம்ப நாட்களில் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் நண்பன் ஜோன் லோரன்ஸுக்கு எழுதிய கடிதமும் அதில் ஒன்று. நமக்கு முன்னாலும் இப்படி ஆட்கள் இருந்தார்கள் என்று இருட்டில் கையைத் துழாவிப் பார்ப்பதுபோல இருந்தது. அந்த அஞ்சல்கள் வெளியில் கசிந்து உலகமே வாசிக்கும் இடம் வந்தபோது போனை மூடிவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. எங்கள் லயத்தில் என் போனை ஒருவர் எடுத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

நீங்கள் எங்கே வைத்து வாசித்தீர்கள்? சொல்லுங்கள்.

நானுஓயா டீச்சர்

குசினியில் வைத்து, தம்பி. ரொட்டி கருகிப்போனதும் உண்மை.

நான் மாதநாவல் பைத்தியம். என் அக்கா மகள் கம்பஸில் படிக்கிறாள், அவள்தான் இதைத் தந்தாள். "சித்தி, உங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லித்தான் தந்தாள், அதனாலேயே வாங்கினேன். வாசித்தால் எல்லாம் பழகிய சாமான். மோதலில் தொடங்கும் காதல், உள்ளே அழுதுகொண்டு வெளியே விறைப்பாக நிற்கும் நாயகன், குடும்ப மானம் என்று குறுக்கே நிற்கும் பணக்காரப் பாட்டி. என்ன, இந்தப் பாட்டி இங்கிலாந்து ராணி.

ஆனால் ஓர் இடத்தில் மாறுகிறது. நான் வாசித்து வளர்ந்த கதைகளில் கடைசி இருபது பக்கத்துக்குள் பெண் அடங்கிவிடுவாள். அவன் அறைந்ததும் அன்புதான் என்று அவளுக்கு விளங்கிவிடும். இதில் இரண்டு பேருமே ஆண். யார் அடங்குவது என்ற கேள்வி வரும்போதே அதற்கு இடமில்லாமல் போகிறது. சண்டை பிடிக்கிறார்கள், அழுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், எல்லாம் சரிசமமாக. ஆண்களின் காதல் கதையைப் பெண்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து வாசிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். அறை விழுமோ என்று பயப்படாமல் ஒரு காதல் கதை வாசிக்கலாம்.

தேர்தல் பகுதி வந்த பக்கங்களைப் புரட்டிவிட்டேன். அந்த வாக்குக் கணக்கெல்லாம் எனக்கு எதற்கு?

கண்ணாடிக்காரன், கண்டி

எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அடிக்க வராதீர்கள்.

பேராதனைப் பூங்காவில், மூங்கில் பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். சுற்றிவரக் குடைக்குள் சோடிகள். பூங்காக் காவலர் அவர்களை விரட்டவில்லை, தனியாக இருந்த என்னைத்தான் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

கதை சீனி கூடிய தேத்தண்ணி. எல்லோரும் அழகு, எல்லோரும் கெட்டிக்காரர், அம்மா தேர்தலிலும் வெல்கிறார். நான் இந்த வகையில் முதலில் வாசித்தது ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்'. 1994இல் வந்தது. கொழும்புத் தமிழ்ப் பையன் அர்ஜி, சிங்களப் பையன் ஷெஹான். 1983 ஜூலையில் வீடு எரிகிறது, குடும்பம் நாட்டை விட்டே போகிறது, காதலும் அதோடு போகிறது. அதை வாசித்துவிட்டு, நம் மாதிரி ஆட்களின் கதை இப்படித்தான் முடியும் என்று பல வருடம் நம்பியிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்தச் சீனி கசக்கிறதோ என்னவோ.

இன்னொன்றும் உறுத்தியது. நம் பூட்டன்களைக் கோப்பிக்காட்டுக்கு ஏற்றி இறக்கிய பிரித்தானிய முடியாட்சி அது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் அந்த ஆட்சியில் வந்ததுதான். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 1995இல் திருத்தினார்கள், எடுத்துவிட அல்ல, பெண்களையும் சேர்த்துக்கொள்ள. 2023 மே மாதம், இவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பாராளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. அந்த அரண்மனைப் பையன் ஊரே கைதட்டக் காதலிக்கிறான், நான் காவலரைப் பார்த்துப் போனைக் கவிழ்க்கிறேன்.

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை வாசித்தேன்.

ரதி வேஷம், பதுளைப் பக்கம்

எனக்கு இங்கிலீஷ் வராது. தங்கச்சி மகன் போனில் இதைத் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. கதையையும் அவன்தான் சொன்னான். பண்டாரவளைக்குக் கண் காட்டப் போன பஸ்ஸில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பதினொரு வருடம் நான்தான் ரதி. மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றினால் தகனம் வரைக்கும் விரதம், ஆட்டம், இரவு முழுக்கத் தப்பு மேளம். மன்மதன் வேஷம் கட்டியவர் மேற்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு, லயத்துக்காரர். வீடுவீடாகப் போய் இரண்டு பேரும் கைகோத்து ஆடுவோம். கிழவிகள் கால் கழுவி, திருநீறு வாங்குவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் எங்கள் முன்னால் விழுந்து கும்பிடுவார்கள். ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. கூத்து முடிந்து சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தால் சரி, மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை.

சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதைப் பார்க்க எல்லாத் தோட்டத்துச் சனமும் வரும். ரதி அழுது மன்றாடி மன்மதனை எழுப்புகிற கட்டம் பிறகுதான் வரும். அதற்குள் பாதிப் பேருக்குத் தூக்கம். எனக்கு அந்தக் கட்டம்தான் உயிர். ஒப்பாரி வைக்கும்போது நான் நடித்ததே இல்லை.

மருமகன் கதை சொல்லிக்கொண்டு வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான். எரிப்பதோடு விட்டுவிடுகிறார்களா, எழுப்புகிறார்களா? எழுப்புகிறார்கள் மாமா என்றான். கடைசியில் அந்த அமெரிக்கப் பையன் தான் சின்ன வயதில் இருந்த வீட்டுக்கு மற்றவனைக் கூட்டிப்போகிறானாம்.

"சாவி யாரிடம் இருந்தது?" என்று கேட்டேன்.

"கழுத்துச் சங்கிலியில், மாமா. கதை முழுக்கப் போட்டிருப்பான்."

கண் காட்டப் போன இடத்தில், கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று டொக்டர் கேட்டார்.

லயத்துப் பையன், தலவாக்கலை

மாமா, அந்த மன்மதன் இப்போது எங்கே?

ரதி வேஷம், பதுளைப் பக்கம்

பசறையில். மகள் வீட்டில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் மூன்று. மாசிக்கு வருவார். இப்போது இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை, ஆட்டம் பொடியன்கள்தான். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுக்கிறோம்.