பத்தாம் வகுப்பு முடித்த மகளை ஓராண்டு அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கிப் படிக்க அனுப்பலாமா?

கேள்வி (ஒரு தாய், ஈரோடு):

அமெரிக்க அரசின் ‘யெஸ்’ மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் புறப்பட வேண்டும். விமானக் கட்டணம், காப்பீடு, மாதக் கைச்செலவு ஆகியவை உதவித்தொகையிலேயே அடங்கிவிடுவதால் பணத்தைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் அவளைத் தங்க வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு வாடகையோ ஊதியமோ கிடையாது என்கிறார்கள். அப்படியானால் முன்பின் தெரியாத பெண்ணை எதற்காக வைத்துச் சோறு போடுகிறார்கள் என்று என் மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் சைவம். திரும்பி வந்த பின் பதினொன்றாம் வகுப்பு என்னவாகும் என்பதும் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (அமெரிக்காவின் ஒஹாயோவில் பரிமாற்ற மாணவர்களுக்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர்):

உங்கள் மாமியார் கேட்பது நியாயமே. ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் வரும் பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பங்களுக்கு ஊதியம் இல்லை; வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ளும் சலுகை உண்டு, வளரும் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்கு அது எந்த மூலைக்கு? தம் பிள்ளைகள் வேற்று நாட்டுப் பிள்ளையோடு பழகட்டும் என்று சிலரும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் வீடு வெறிச்சோடியதால் சிலரும் முன்வருகிறார்கள்.

நல்ல மனத்தை மட்டும் நம்பி மாணவியை அங்கே விட்டுவிடுவதில்லை. வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். வீட்டை நேரில் வந்து பார்ப்பார்கள். மாணவிக்குத் தனிக் கட்டில் இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் 120 மைலுக்குள் வசித்து, மாதம் ஒருமுறையாவது மாணவியோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும். அந்தப் பேச்சில் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, இரவில் தாயிடம் அலைபேசியில் அழுத பிள்ளைகளை நான் அறிவேன். குறையை முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லப் பழக்குங்கள். ஈரோட்டிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒத்துவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றுவதும் உண்டு.

மறுமொழி (இத்திட்டத்தில் சென்று வந்தவர், திருச்சி):

அம்மா, ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்குக் கிடைத்தது நகரப் பேருந்தே இல்லாத சிற்றூர். மாணவர்கள் வண்டி ஓட்டவும் அனுமதி இல்லை என்பதால், பள்ளிப் பேருந்தை விட்டால் நூலகமோ தோழியின் வீடோ எங்கே போவதற்கும் வீட்டாரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் விருந்தாளி ‘வேண்டாம்’ என்றாலும் இலையில் இன்னொரு கரண்டி விழும். அங்கே ‘வேண்டாம்’ என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். முதல் வாரம் அரை வயிற்றோடு படுத்தேன். பிறகு கூச்சத்தை விட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கோழிச் சாற்றில் வெந்த காய்கறிச் சூப்பும் அவர்களில் பலருக்குச் சைவம்தான் என்பதால், முட்டை, மீன், இறைச்சிச் சாறு என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அந்தக் குடும்பத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே உங்கள் மகள் சொல்லிவிடட்டும்.

விருந்தாளியாக உட்கார்ந்திருந்தால் மனக்கசப்பு வளரும். சாப்பிட்ட தட்டை அலசிப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்குவதும், தன் துணியைத் தானே துவைப்பதும் அங்கே பிள்ளைகளின் வேலை. நாள்தோறும் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் அவள் மனம் அங்கே ஒட்டாது; வாரம் ஒருமுறை போதும். இது உங்களுக்குத்தான் கடினம்.

மறுமொழி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்):

அங்கே படிக்கும் ஆண்டைப் பெரும்பாலான பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பாகக் கணக்கில் கொள்வதில்லை. அங்கே பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் (டிப்ளமா) கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. திரும்பி வந்து பதினொன்றில் சேர்வாள் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். நீட் தேர்வுக் கனவு இருந்தாலும் ஓராண்டு தள்ளிப்போவதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் இடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பிள்ளைகள் இல்லாமல் தனியாக வாழும் ஒரு பெண்மணியின் வீடும் பரிசீலனையில் இருக்கிறதாம். அதற்குச் சம்மதிக்கலாமா?

மறுமொழி (ஒருங்கிணைப்பாளராக இருந்தவர்):

அத்தகைய வீட்டுக்குக் கூடுதல் பரிசீலனை உண்டு. நீங்களும் மகளும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அனுப்ப முடியும். நான் பார்த்தவரை அவ்வீடுகளில் பிள்ளைகளுக்குக் கவனிப்புக் கூடுதலாகவே கிடைத்தது. கையெழுத்திடுமுன், அவர் வேலைக்குப் போகும் நேரங்களில் மகளோடு யார் இருப்பார், பள்ளி முடிந்தபின் யார் அழைத்து வருவார் என்ற இரண்டையும் காணொலி அழைப்பில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.